மூத்தவர் வாய் திறந்த பாட்டு

டோக்கியோ,
ஜூன் கடைசி வாரம்

அன்புள்ள தோழிக்கு,

ஊர் சுற்றிய கதையெல்லாம் நேரில் சொல்கிறேன். இந்தக் கடிதம் பாட்டைப் பற்றியது. தன்னைவிட வயதில் மூத்தவர்மேல் ஆசை வைத்தவர்களின் காதல் பாட்டுகளைத் தேடித்தான் நாராவுக்கும் டோக்கியோவுக்கும் போனேன். பழைய பாட்டுகளை வார்த்தை வார்த்தையாகக் கேட்கிறவள் நீ. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நாராவில் கசுகா தைஷா ஆலயத்தை ஒட்டி மன்யோ தாவரத் தோட்டம் இருக்கிறது. 1932இல் திறந்தது. மன்யோஷு ஜப்பானின் மிகப் பழைய பாட்டுத் தொகை. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, 20 பகுதிகளில் ஏறக்குறைய 4,500 பாட்டுகள். அவற்றில் பேர் வரும் செடி கொடிகளில் சுமார் 300 வகையை அங்கே வளர்க்கிறார்கள். செடிக்குப் பக்கத்தில் அது இடம்பெறும் பாட்டைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். என்னோடு வந்த ஜப்பானியத் தோழி ஒவ்வொன்றாகப் படித்துப் பொருள் சொன்னார்.

நான் தேடிப் போனது நெமு மரம். நம் வாகையின் இனம். பட்டுக் குஞ்சம் போல இளஞ்சிவப்பில் பூக்கும், இருட்டியதும் இலைகளை மூடிக்கொள்ளும். ஓட்டோமோ நோ யகமோச்சி என்ற இளம் கவிஞனுக்கு இந்தப் பூவைப் பறித்து அனுப்பியவள் கி நோ இராட்சுமே. இளவரசர் அகியின் மனைவியாக இருந்தவள், யகமோச்சியைவிட மூத்தவள். பூவோடு பாட்டும் போனது. பகலில் மலர்ந்து இரவில் காதலோடு உறங்கும் இந்தப் பூவைத் தலைவி நான் மட்டும் பார்த்தால் போதுமா, ஏவலாள் நீயும் பார் என்று அதிகாரமாகச் சீண்டுகிறாள். இன்னொரு முறை, தர்ப்பை இனத்துப் புல்லின் இளங்கதிரைத் தன் கையால் பறித்து அனுப்பி, இதைத் தின்று உடம்பைத் தேற்றிக்கொள் என்கிறாள். அந்தக் கதிர் இனிக்கும், பிள்ளைகள் மெல்லுவார்கள். அவனும் விடவில்லை. தின்றும் இளைத்துத்தான் போகிறேன், காதல் நோய் அப்படி என்று பதில் அனுப்புகிறான்.

வேறொரு பாட்டில் விளையாட்டு இல்லை. எனக்கு வயதாகிவிட்டதால் மறுக்கிறேன் என்று எண்ணாதே, ஆனால் சம்மதித்த பிறகு தனிமைதான் மிஞ்சுமோ என்கிறாள். அவனுடைய பதிலை நான் மறக்கவே மாட்டேன். உனக்கு நூறு வயதாகிப் பல் போய், வாய் குழறி, முதுகு வளைந்தாலும் எனக்கு வெறுப்பு வராது, ஆசைதான் கூடும் என்கிறான். ஏறக்குறைய 1,280 ஆண்டுகளுக்கு முந்தைய பேச்சு இது! வயதை முதலில் எடுத்துப் பேசுகிறவள் மூத்தவளே. அச்சத்தையும் அவளே சொல்கிறாள், கேலியையும் அவளே தொடங்குகிறாள்.

அங்கிருந்து டோக்கியோ. ஒச்சனோமிசு நிலையத்தில் இறங்கினால் தெருவின் இருபுறமும் கிட்டார் கடைகள். மெய்ஜி பல்கலைக்கழகத்தின் கட்டிடம் ஒன்றில், அங்கே படித்த பாடலாசிரியர் அகு யூவுக்கு 2011இல் ஒரு நினைவகம் அமைத்திருக்கிறார்கள். 5,000 பாட்டுகளுக்கு மேல் எழுதியவர். பாட்டின் பெயரைத் தானே அழகாக எழுதி, கையெழுத்துப் படிக்கு அட்டை செய்து வைப்பாராம்.

1972இல் அவர் 'சென்செய்' என்ற பாட்டை எழுதினார். ஆசிரியர்மேல் ஒரு மாணவி கொண்ட முதல் காதல். மழை, படகுத்துறை, குடைக்குள் ஒளிந்து அழும் சிறுமி, விலகிப் போகும் கப்பல். இசை எண்டோ மினோரு. பாடிய மோரி மசகோவுக்கு வயது 13, 'ஸ்டார் தஞ்சோ' என்ற தொலைக்காட்சிப் போட்டியில் வென்று வந்தவர். எழுதிய அகு யூவுக்கு 35. அவர் அவாஜித் தீவில் பிறந்தவர். கப்பல் போனபின் துறையில் நிற்பவரின் வெறுமையைத் தீவுக்காரர்கள் நன்றாக அறிவார்கள். பிற்பாடு அவர் எழுதிய 'செதோஉச்சி ஷோனென் யக்யூதன்' நாவலிலும், போருக்குப் பிந்தைய தீவில் ஓர் ஆசிரியையைச் சுற்றித்தான் பையன்கள் பேஸ்பால் அணி கட்டுகிறார்கள். ஷினோதா மசஹிரோ அதை 1984இல் படமாக்கினார்.

அடுத்த ஆண்டே, 1973 ஏப்ரலில், சவாடா கென்ஜியின் 'கிகென் ந ஃபுதாரி' வந்தது. தனிப் பாடகராக ஓரிகான் என்ற இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் அவர் முதலிடம் பிடித்த முதல் பாட்டு. இளைஞன் ஒருவன் தன்னைவிட மூத்த, மிக அழகான ஒரு பெண்ணைக் காதலிக்கிறான். ஊர் என்ன சொல்லுமோ என்று கலங்கி அவள் பிரிந்துவிடலாம் என்கிறாள். ஆனால் அவள் சொன்னதையும் அவன் வாயால்தான் நாம் கேட்கிறோம். பக்கத்துப் பகுதியான ஜிம்போச்சோவில் பழைய புத்தகமும் இசைத்தட்டும் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே இந்தப் பாட்டின் சின்ன இசைத்தட்டை எடுத்து உறையைப் பார்த்தேன். பாடல் வரிகள்: யசுயி கசுமி. அவர் 1939இல் பிறந்தவர், சவாடா 1948இல். தன்னைவிட ஒன்பது வயது இளைய ஆணுக்காக, மூத்த பெண்ணை நினைத்து உருகும் வரிகளை ஒரு பெண்ணே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அங்கிருந்து சுய்தோபாஷி வழியாகக் கோராகுயென் போய்ச் சேரலாம். 1978 ஏப்ரல் 4 அன்று 'கேண்டீஸ்' என்ற மூன்று பெண்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் முன் பாடி விடைபெற்ற மைதானம் இப்போது இல்லை. 1988இல் திறந்த டோக்கியோ டோம் அருகே நிற்கிறது. அவர்களைப் புகழுக்குக் கொண்டு வந்தது 1975இன் 'தொஷிஷிதா நோ ஒதொகோ நோ கோ'. இட்டோ ரான் நடுவில் நின்று பாடத் தொடங்கியதும் அந்தப் பாட்டில்தான். அதில் பேசுபவள் மூத்தவள். தன்னைவிட இளைய ஒரு பையனின் அலங்கோலத்தையும் திமிரையும் அடுக்கி, ஆனாலும் பிடிக்கிறது என்று குதூகலமாக அறிவிக்கிறாள். எழுதியவர் செங்கே கசுயா, ஓர் ஆண். ஆனாலும் நாராவில் கேட்ட அந்தச் சீண்டல் குரல் இதில் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

இவற்றையெல்லாம் சேர்த்துக் கேட்டபின் எனக்கு ஒன்று புரிந்தது. இந்தப் பாட்டுகளின் சுவையை வயது வித்தியாசம் தீர்மானிக்கவில்லை. மூத்தவருக்குப் பேச இடம் கிடைத்ததா என்பதுதான் தீர்மானிக்கிறது. கி நோ இராட்சுமே பேசினாள், அதனால் இளையவனுக்கு ஆசையைச் சொன்னதோடு வேலை முடியவில்லை. அவளுடைய அச்சத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னான். சவாடாவின் நாயகிக்கு அந்த வாய்ப்பு இல்லை. எவ்வளவு அழகாகப் பாடினாலும் அவன் தன் ஏக்கத்தைத்தான் பாடுகிறான். அவளுக்கு ஏன் பயம், எதை இழப்பாள் என்று நமக்குத் தெரிவதில்லை. வளர்ந்த இருவருக்கிடையே அந்த மௌனம் ஒரு நஷ்டம்.

'சென்செய்' பாட்டை மட்டும் நான் தனியே வைக்கிறேன். அங்கே ஆசைப்படுவது ஒரு குழந்தை. அந்த ஆசிரியர் ஒரு சொல்லும் பேசாமல் கப்பலேறிப் போவதே சரி. பேசியிருந்தால் அது வேறு கதையாக, கொடுமையாகவே ஆகியிருக்கும். பதின்மூன்று வயதுக் குரலில் காதலை ஏற்றி விற்றதை நினைத்தால் எனக்கு மனம் நெருடத்தான் செய்கிறது. ஆனால் எழுதியவர் ஆசையைச் சிறுமியின் மனத்துக்குள்ளேயே வைத்து, மூத்தவரைக் கரையைவிட்டு அனுப்பிவிட்டார். அந்த அளவு அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்காகவே அந்தப் பாட்டை மதிக்கிறேன்.

உனக்காக மூன்று இசைத்தட்டுகளும் வாங்கியிருக்கிறேன். முதலில் சவாடா, பிறகு மோரி மசகோ, கடைசியில் கேண்டீஸ் என்ற வரிசையில் கேள். கேட்கும்போது, பாட்டில் பேசாதவர் யார், அவர் பேசியிருக்க வேண்டுமா என்று யோசித்துப் பார். நம் ஊர்ப் பாட்டுகளையும் இனி இப்படிக் கேட்டுப் பார்ப்போம். உன் எண்ணம் என்னோடு ஒத்துப் போகாவிட்டாலும் மறைக்காமல் எழுது.

என்றும் அன்புடன்,
உன் தோழி