அப்பாவின் பணமும் ஏழு என்னும் எண்ணும்

சென்ற வாரம் வகுப்பில் ஒரு மாணவி கேட்டார்: "வீடு கட்டி விற்கும் நிறுவனம் ஒன்றின் பங்கு, விலை–வருவாய் விகிதம் 7-இல் கிடைக்கிறது. மலிவுதானே ஐயா?" உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. 2008-ஆம் ஆண்டுக் கோடையில் இதே எண்ணை, இதே உறுதியோடு என் தந்தையிடம் சொன்னவன் நான்.

அப்பா நாக்பூரில் ரயில்வே பணியிலிருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். தில்லியில் பொருளியல் முதுகலை படித்துக்கொண்டிருந்த என்னிடம், "நீ படிச்சவன், பாத்துச் சொல்லுப்பா" என்றார். பங்கின் விலையை, ஒரு பங்குக்குரிய ஓராண்டு இலாபத்தால் வகுத்தேன், 7 வந்தது. சந்தைச் சராசரி அதைப்போல் இருமடங்குக்கும் மேல். வாங்கலாம் என்றேன். அவர் இரண்டு இலட்சம் ரூபாய் போட்டார். அடுத்த ஆண்டு எஞ்சியது முப்பதாயிரத்துச் சொச்சம்.

அந்த நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டாம். துறை முழுவதும் அப்போது அப்படித்தான் இருந்தது. டி.எல்.எப். 2007 ஜூனில் பங்கு ஒன்றை 525 ரூபாய்க்கு வெளியிட்டது. 2008 ஜனவரியில் விலை 1,200-ஐத் தாண்டியது. 2009 தொடக்கத்தில் 200-க்கும் கீழே இறங்கியது. 2007-08-இல் அதன் நிகர இலாபம் ஏறத்தாழ 7,800 கோடி ரூபாய். அந்த இலாபத்தை வைத்துக் கணக்கிட்டால் 200 ரூபாயில் விகிதம் 5-ஐக்கூட எட்டாது. ஆனால், 2009-10-இல் இலாபம் ஏறத்தாழ 1,700 கோடியாகச் சுருங்கிவிட்டது. மலிவு போலத் தோன்றியது விலையால் அன்று, நிலைக்காத இலாபத்தால்.

அமெரிக்காவில் இப்பாடம் முன்பே எழுதப்பட்டிருந்தது. 2005-இல், வீட்டுச் சந்தை உச்சத்தில் இருந்தபோது, அங்குள்ள பெரிய வீடுகட்டும் நிறுவனங்கள் பலவற்றின் விகிதம் ஒற்றை இலக்கத்தில்தான் இருந்தது. இரண்டே ஆண்டுகளில் அவை வாங்கிக் குவித்த நிலத்தின் மதிப்பைக் குறைத்து எழுதி, நட்டத்தில் வீழ்ந்தன. சுழற்சிக்கு உட்பட்ட தொழிலில் இலாபம் உச்சத்தை அடையும்போதுதான் விகிதம் மிகக் குறைவாகத் தெரியும்.

இந்தியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. அன்று கட்டுமானம் எவ்வளவு முடிந்ததோ அந்த விழுக்காட்டுக்கு ஏற்ப வருவாயைக் கணக்கில் காட்டினார்கள். சாவி கைமாறும் முன்பே இலாபம் ஏட்டில் ஏறிவிடும். 2018 ஏப்ரலில் இந்தியக் கணக்கியல் தரநிலை 115 நடைமுறைக்கு வந்தபின், பல நிறுவனங்கள் வீட்டை ஒப்படைக்கும்போதுதான் வருவாயைப் பதிகின்றன. ஆகவே இன்றைய இலாபம் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய விற்பனையின் எதிரொலி. பங்கின் விலையோ வருங்காலத்தை நோக்குவது. வகுபடும் எண்ணும் வகுக்கும் எண்ணும் வெவ்வேறு காலத்தைச் சேர்ந்தவை. அதனால்தான் இத்துறையை அறிந்தோர் புதிய முன்பதிவுகள், வசூலான பணம், நிகரக் கடன், கையிருப்பு நிலம் ஆகியவற்றை முதலில் பார்க்கிறார்கள்.

இவற்றையெல்லாம் மாணவியிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்று. பணம் கரைந்த அந்த ஆண்டில் அப்பா ஒரே ஒருமுறை கேட்டார்: "அந்த ஏழு இப்ப எவ்வளவுப்பா?"

"கணக்கிட முடியாதுப்பா. நிறுவனம் நட்டத்தில் இருக்கிறது. இலாபம் இல்லையென்றால் விகிதமும் இல்லை."

அவர் தலையசைத்தார். அதற்குப்பின் அப்பேச்சை எடுத்ததே இல்லை. தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்கு யாரிடம் கடன் வாங்கினார் என்பதை நெடுநாள் கழித்து அம்மாதான் சொன்னார்.

நான் அன்று வகுத்தலில் பிழை செய்யவில்லை. விடையை எவர் பணத்தின்மீது வைக்கிறேன் என்று எண்ணாமல், வகுக்கும் எண்ணை ஐயுறாமல் விட்டேன். இளைய ஆய்வாளர்களே, வீட்டிலிருந்து ஒருவர் "நீ படிச்சவன், பாத்துச் சொல்லு" என்று கேட்கும் நாள் உங்களுக்கும் வரும். அன்று, "எனக்கு இன்னும் இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள்" என்று சொல்லத் தயங்காதீர்கள்.