‘நெஞ்சு படபடன்னு அடிக்குதும்மா’

மைசூரு கேஆர்எஸ் சாலையில் ஜெயதேவா இதய மருத்துவமனையைக் கடக்கும்போதெல்லாம், இப்படிச் சொல்லியும் ‘பயந்திருப்பான்’ என்று பேசாமல் விடப்படும் பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்கள். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே கூடுதலாக ஒரு மின்பாதை இருக்கும். 1930இல் வுல்ஃப், பார்கின்சன், வைட் என்ற மருத்துவர்கள் மூவரும் விவரித்த கோளாறு இது. மின்னோட்டம் அதில் சுழலத் தொடங்கினால் துடிப்பு நிமிடத்துக்கு 200ஐக்கூடத் தாண்டும், திடீரென்று நின்றும்விடும்.

இதைச் சரிசெய்ய நெஞ்சைத் திறக்க வேண்டியதே இல்லை! தொடை ரத்தக்குழாய் வழியே கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி, அந்தக் கூடுதல் பாதையில் சில மில்லிமீட்டர் இடத்தை மட்டும் சூட்டால் செயலிழக்க வைக்கிறார்கள். அந்த இடம் இயல்பான மின்பாதைக்குப் பக்கத்தில் என்றால் சூட்டைவிட உறையவைப்பது பாதுகாப்பு. கைக்குழந்தைகளுக்கு முதலில் மருந்துதான்.

பெற்றோரே, படபடப்பு இருக்கும்போதே ஈசிஜி எடுத்துவிடுங்கள். அடங்கியபின் எடுத்தால் சிலருக்கு அதில் எதுவும் தெரியாமல் போகலாம்.