ஒரு பெண்ணின் தோளில் நாற்பது ஏக்கர்

ஐப்பசி மாதத்தில் மிசிசிப்பி டெல்ராவின் வயல்கள் வெள்ளையாகக் கிடந்தன. வீதியின் இரு புறமும் வெடித்த பஞ்சு. மலையும் இல்லை, மேடும் இல்லை. கண் போகும் தூரம் வரை தட்டையான நிலம். பரந்தன் வயல்வெளிதான் எனக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் அந்த வயல்களில் ஒரு மனிதரைக்கூடக் காணவில்லை. பெரிய இயந்திரமொன்று தனியாகப் பஞ்சு பறித்துக்கொண்டிருந்தது.

“ஒரு காலத்தில் இதையெல்லாம் எங்கள் கைகளால் பறித்தோம்” என்றார் எங்களை அழைத்துச் சென்ற கறுப்பின அம்மா. எழுபது வயதைத் தாண்டியவர். சிறுமியாக இருந்தபோது பள்ளிக்கூடம் போகாமல் பஞ்சு பறித்தவர்.

2023 ஆம் ஆண்டு, சமூக வேலை தொடர்பான குறுங்காலப் பயிற்சியொன்றுக்காக ஐக்கிய அமெரிக்கா சென்றிருந்தேன். புறப்படுவதற்கு முன்னர், நான் வேலை செய்யும் கிராமத்து மாதர் சங்கத் தலைவி அக்கா என்னிடம் ஒரு கேள்வியைக் கொடுத்துவிட்டார். 2009 இல் கணவரை இழந்தவர் அவர். சுழற்சி முறையில் ஆடு வளர்க்கும் 34 குடும்பங்களைக் கொண்ட அந்தச் சங்கத்தில் கணக்கு எழுதுவது, வங்கிக்குப் போவது, சண்டை தீர்ப்பது எல்லாம் அவரே. பிறசர் குளிசை போட்டுக்கொண்டுதான் கூட்டத்துக்கு வருவார்.

“பிள்ளை, அங்க சங்கம் நடத்தின பொம்பிளையள் இருந்தால் ஒண்டு கேட்டுக்கொண்டு வா. சங்கம் தொடங்கிறது எப்பிடியெண்டு எங்களுக்குத் தெரியும். கொண்டு போறது எப்பிடியெண்டு கேள்” என்றார்.

அந்தக் கேள்வியோடுதான் மெம்பிஸ் நகரிலிருந்து தெற்கே இரண்டு மணி நேரம் பயணம் செய்து ரூல்வில் என்னும் சிற்றூரை அடைந்தேன். அங்கே ஒரு நினைவுப் பூங்கா உள்ளது. 2012 இல் நிறுவப்பட்ட சிலையில் ஒரு பெண் ஒலிவாங்கியைப் பிடித்தபடி நிற்கின்றார். அவரும் கணவரும் அடக்கம் செய்யப்பட்ட இடமும் அதுவே. அவர்தான் ஃபனி லூ ஹேமர்.

ஹேமர் அம்மையார் 1917 இல், வாரத்துக்குப் பயிர் செய்யும் குடும்பமொன்றில் இருபதாவது பிள்ளையாகப் பிறந்தவர். நிலம் முதலாளியுடையது. விளைச்சலில் பாதியும் அவருக்கே. விதை, உரம், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் கடன். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் உழைத்தவருக்குக் கடனே மிஞ்சும். கடன்காரர் வீட்டு வாசலில் வந்து நிற்கும் நாட்களை அறிந்த எமது சகோதரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1962 ஆவணி மாதத்தில் ஹேமர் தன்னை வாக்காளராகப் பதியச் சென்றார். அதே நாளில், பதினெட்டு ஆண்டுகள் வேலை செய்த தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். மறு ஆண்டு வினோனா என்னும் ஊரின் சிறையில் கடுமையாகத் தாக்கப்பட்டார். அந்த அடியின் பாதிப்பு சாகும்வரை அவரது உடலில் இருந்தது.

அந்தக் காலத்தில் பஞ்சு பறிக்கும் இயந்திரங்களும் களைகொல்லி மருந்துகளும் வந்துவிட்டன. தோட்டங்களுக்கு ஆட்கள் தேவைப்படவில்லை. வேலை இழந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் உணவு முத்திரைத் திட்டத்தைக் கொண்டு வந்தது. ஆனால் அந்த முத்திரையையும் காசு கொடுத்தே வாங்கவேண்டும். கையில் காசே இல்லாதவர் என்ன செய்வார்? உலகிலேயே வளமான மண்களில் ஒன்றின்மேல் இருந்துகொண்டு பிள்ளைகள் பட்டினி கிடந்தார்கள்.

சொந்த நிலமும் சொந்த உணவும் இல்லாதவரிடம் வாக்குரிமை இருந்தும், அதைப் பயன்படுத்தினால் அவரைப் பட்டினி போட்டு அடக்கிவிடலாம் என்பதை ஹேமர் தன் வாழ்விலேயே கண்டார். கறுப்பினப் பெண்களின் தேசிய சபையின் உதவியுடன் முதலில் ஒரு ‘பன்றி வங்கி’ தொடங்கினார். ஒரு குடும்பத்துக்கு ஒரு பெண் பன்றி. குட்டி ஈன்றதும் இரண்டு குட்டிகளை வங்கிக்குக் கொடுக்கவேண்டும். அவை வேறு குடும்பங்களுக்குப் போகும். எங்கள் ஆட்டுத் திட்டத்தைப் போன்றதுதான்!

1969 இல் நாற்பது ஏக்கர் நிலம் வாங்கி ‘சுதந்திரப் பண்ணைக் கூட்டுறவு’ ஆரம்பமானது. மாதச் சந்தா ஒரு டொலர். அதையும் கட்ட முடியாதவர்களே அதிகம்; அவர்களும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். அவரையும் பயறும் வெண்டிக்காயும் கீரையும் உணவுக்காக, பஞ்சும் சோயாவும் நிலக்கடன் கட்டுவதற்காக எனப் பயிரிட்டார்கள். பசித்த வெள்ளையினக் குடும்பங்களுக்கும் மரக்கறி போனது. சில ஆண்டுகளில் நிலம் அறுநூறு ஏக்கருக்கு மேல் விரிந்தது.

ஆனால் வெள்ளமும் வரட்சியும் மாறிமாறி வந்தன. நன்கொடை குறைந்தது. கடனும் வரியும் நின்றன. 1976 அளவில் நிலம் கைவிட்டுப் போனது. அடுத்த ஆண்டு பங்குனியில் ஹேமர் புற்றுநோயால் காலமானார். வயது 59.

சிலையின் கீழே நின்று எங்கள் தலைவி அக்காவின் கேள்வியை அந்த அம்மாவிடம் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை.

“பண்ணைக்குப் பணம் வந்தது அவருடைய பேச்சால். அவர் ஊர் ஊராகப் போய்ப் பேசினால் பணம் வரும். அவர் படுக்கையில் விழுந்தால் பணம் நிற்கும். அவருக்கு வருத்தம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அடுத்த கூட்டத்துக்கும் அவரையே கூப்பிட்டோம்” என்றார்.

அங்கிருந்து அரைமணி நேரப் பயணத்தில் மவுண்ட் பாயூ. முன்னர் அடிமைகளாயிருந்தவர்கள் 1887 இல் தாங்களே அமைத்த ஊர். 1967 இல் இங்கே டெல்ரா சுகாதார நிலையம் திறக்கப்பட்டது. அதை நிறுவியவர்களுள் ஒருவரான வைத்தியர் ஜாக் கைகரும் அவரது குழுவினரும், போசாக்கின்றி வந்த பிள்ளைகளுக்கு மருந்துச் சீட்டில் உணவை எழுதிக் கொடுத்தார்கள். பால், இறைச்சி, மரக்கறி. கடைக்காரருக்குக் காசு மருந்தகக் கணக்கிலிருந்து. பணம் கொடுத்த அரச அலுவலகம் ஆட்சேபித்தபோது, போசாக்கின்மைக்கு மருந்து உணவுதானே என்று பதில் சொன்னாராம் கைகர்.

ஆயினும் எத்தனை நாளைக்குச் சீட்டு எழுதுவது? 1968 இல் வட பொலிவர் மாவட்டப் பண்ணைக் கூட்டுறவு உருவானது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் சேர்ந்து தமக்கான மரக்கறியைத் தாமே பயிரிட்டன. அதனை வழிநடத்தியவர் எல்.சி. டோர்சி. 1938 இல் வாரக்குடியில் பிறந்து, பள்ளிப் படிப்பை இடையில் விட்டு, பிள்ளைகளோடு வறுமைப்பட்ட பெண். பின்னர் மீண்டும் படித்து, 1973 இல் சமூக வேலையில் முதுமாணிப் பட்டம் பெற்றார். 1988 இல் அதே சுகாதார நிலையத்தின் பணிப்பாளராகவும் வந்தார். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த எனக்கு, அவர் படித்த ஒழுங்கு தலைகீழாகத் தோன்றியது. முதலில் வயல், பிறகுதான் புத்தகம்.

அந்தச் சுகாதார நிலையம் இன்றும் இயங்குகின்றது. அதற்கு அரச நிதி கிடைத்தது, ஹேமரின் பண்ணையோ நன்கொடையில் தங்கியிருந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. தொடக்கத்திலேயே பத்து ஊர்களில் பத்துச் சுகாதாரச் சங்கங்கள் அமைத்து, அவற்றின் பிரதிநிதிகளைக் கொண்டு ஒரு சபையை உருவாக்கினார்கள். ஊர்ப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பாரம் பல தோள்களில் இருந்தது.

நாடு திரும்பி, அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். பன்றி வங்கியைக் கேட்டுச் சிரித்தார்கள். ஹேமர் இறந்த வயதைச் சொன்னபோது ஒருவரும் பேசவில்லை. எல்லோரும் தலைவி அக்காவைப் பார்த்தார்கள். அவருக்கு அப்போது 56.

“நான் ஒருத்தரையும் நம்பாமல் வச்சிருக்கேல்லை. ஆரும் கேக்கேல்லை, அதால நான் குடுக்கேல்லை” என்றார் அவர்.

“நாங்களும் கேக்காமல் விட்டது பிழைதானக்கா” என்றாள் பின்வரிசையிலிருந்த இளம் தாயொருத்தி.

அன்று கணக்குப் புத்தகம் அவளிடம் போனது. வங்கி வேலைக்கு இருவர் பெயர் எழுதப்பட்டது. அலுமாரித் திறப்பை மட்டும் அக்கா உடனே கொடுக்கவில்லை. அதற்கு இன்னும் இரண்டு கூட்டங்கள் சென்றன. மூன்றாவது கூட்டத்துக்கு அவர் வரவில்லை. அன்று அவருக்குக் கிளினிக் நாள்.

அவர் இல்லாமலே கூட்டம் நடந்தது.