காதுக்கு ஒரு கதவு

பகவான் மனிதனுக்குக் கண்ணைக் கொடுத்தபோது கூடவே இமையையும் கொடுத்தார். பார்க்க வேண்டாதது எதிரே வந்தால் கண்ணை மூடிக் கொள்ளலாம். வாய்க்கு உதடு என்னும் கதவு இருக்கிறது. அதை எத்தனை பேர் உபயோகிக்கிறார்கள் என்பது வேறு விஷயம். காதுக்கு மட்டும் கதவும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. இரவும் பகலும் திறந்தே கிடக்கிறது. காட்டில் புலி வருவதை அறிந்து கொள்வதற்கு இந்த ஏற்பாடு பூர்வ காலத்தில் மிகவும் சௌகரியமாக இருந்திருக்கலாம். ஆனால் சென்னையில் நான்கு மாடிக் கட்டிடத்தின் இரண்டாவது மாடியில் குடியிருக்கும் என் போன்றவர்களுக்குப் புலியினால் யாதொரு தொந்தரவும் இல்லை. மேல் வீட்டில் நாற்காலியை நகர்த்துகிறார்கள். கீழ் வீட்டில் மிக்ஸி ஓடுகிறது. பக்கத்து மனையில் சுவருக்குத் துளை போடுகிறார்கள். தெருவில் பழைய இரும்பு வாங்குகிறவர் ஒலிபெருக்கி வைத்துக் கொண்டு கூவுகிறார். இவ்வளவுக்கும் நடுவில் ஒரு காம்போதி ராக ஆலாபனையை ஆற அமரக் கேட்க வேண்டுமென்று நான் ஆசைப்பட்டால், அதைப் பேராசை என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தப் பேராசையைத் தீர்த்துக் கொள்ள வழி இரண்டு. ஒன்று, நம் வீட்டு ஒலிபெருக்கியை இன்னும் பலமாக வைத்து அண்டை அயலார் எல்லாரையும் பழி வாங்குவது. மற்றொன்று, காதுக்கு நாமே ஒரு கதவு போட்டுக் கொள்வது. முதல் வழி நம் ஊரில் ஏராளமானவர்களால் கையாளப்பட்டு வருவதால் நான் இரண்டாவது வழியை மேற்கொண்டேன். அதாவது, பின்புறம் மூடிய ஹெட்போன் ஒன்று வாங்குவதென்று தீர்மானித்தேன். அதன் நிமித்தம் பல கடைகள் ஏறி இறங்கி, பல ஹெட்போன்களைத் தலையில் சூடிப் பார்த்ததில் தெரிந்து கொண்டவற்றை நேயர்களுக்குச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஹெட்போன் நேற்று முளைத்த வஸ்து அன்று. அமெரிக்காவில் யூடா மாகாணத்தைச் சேர்ந்த நதானியேல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையிலேயே ஹெட்போன்களைச் செய்து 1910-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். கடற்படையார் சோதித்துப் பார்த்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று கேட்டார்கள். 1924-ல் நம் சென்னையில் ஒரு ரேடியோ சங்கம் ஒலிபரப்பு ஆரம்பித்தது. அந்நாளையக் கிரிஸ்டல் ரேடியோவுக்கு மின்சாரமே தேவையில்லை. ஆனால் ஒலிபெருக்கியை இயக்கும் பலமும் அதற்குக் கிடையாது. ஹெட்போனைக் காதில் வைத்துத்தான் கேட்க வேண்டும். மேல்நாடுகளில் அந்த ஹெட்போனை ஒரு பாத்திரத்துக்குள் வைத்து, அதைச் சுற்றிலும் குடும்பத்தார் தலையை நீட்டிக் கேட்பதும் உண்டு. ஒருவருக்கென்று செய்ததை வீடு முழுவதும் கேட்பதற்கு அவர்கள் வழி தேடினார்கள். இன்றைக்கு நம் கூடங்களில் நாலு பேர் உட்கார்ந்து நாலு ஹெட்போன்களில் நாலு விதமான சங்கீதம் கேட்கிறோம். முன்னேற்றம் என்பது எந்தத் திசையில் போகிறது என்று சில சமயம் புரிவதில்லை.

நிற்க. 'பின்புறம் மூடியது' என்று சொன்னேனே, அது என்ன? ஹெட்போனின் ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் ஒரு மெல்லிய சவ்வு அதிர்கிறது. அந்த அதிர்வு காதின் பக்கம் ஒலியை அனுப்புவது போலவே பின்பக்கமும் அனுப்புகிறது. பின்பக்கத்தைச் சல்லடைபோல் விட்டுவிட்டால் அது திறந்த ஜாதி. 1968-ல் ஜெர்மனியிலிருந்து வந்த ஸென்ஹைஸர் எச்.டி. 414 இந்த ஜாதிக்கு முன்னோடி. திறந்த ஹெட்போனில் சங்கீதம் விசாலமான மண்டபத்தில் கேட்பது போல் இருக்கும். ஆனால் தெருச் சத்தம் தாராளமாக உள்ளே வரும், நம் சங்கீதமும் தாராளமாக வெளியே போகும். பின்பக்கத்தை ஓடு போட்டு அடைத்துவிட்டால் அது மூடிய ஜாதி. ஒலிப்பதிவுக் கூடங்களில் பாடகர்களுக்கு மாட்டுவது இதைத்தான். இல்லாவிட்டால் அவர் காதில் ஒலிக்கும் தாளம் கசிந்து மைக்கில் ஏறிவிடும். 1991 முதல் இன்று வரை விற்பனையில் இருக்கும் ஸோனி எம்.டி.ஆர். 7506, ஜெர்மனியின் பேயர்டைனமிக் டி.டி. 770 ஆகியவை இந்த வம்சத்தில் பிரசித்தமானவை.

மூடிய ஜாதியிடம் அதிகமாக எதிர்பார்க்கவும் கூடாது. மிக்ஸியின் கீச்சொலியையும் பேச்சுக் குரலையும் அது நன்றாகத் தடுக்கும். பஸ் எஞ்சினின் உறுமலைப் போன்ற கனத்த ஓசை ஓட்டையும் மெத்தையையும் ஊடுருவிக் கொண்டு ஓரளவு உள்ளே வந்துதான் தீரும். அதை அடக்குவதற்கென்று எதிரொலி உண்டாக்கும் மின் சாதனம் பொருத்திய ஹெட்போன்கள் தனியே இருக்கின்றன.

இனித் தேர்ந்தெடுக்கும் விஷயத்துக்கு வருவோம். கடைக்காரர்கள் முதலில் ஒலியின் பெருமையைத்தான் பேசுவார்கள். நாம் முதலில் கவனிக்க வேண்டியது தலையும் காதுமே. மெத்தை காதின் மேல் உட்கார்கிறதா, காதைச் சுற்றி உட்கார்கிறதா என்று பாருங்கள். காதின் மேல் உட்காருவது அரை மணிக்குப் பிறகு ஆசிரியர் காதைத் திருகுவது போன்ற உணர்ச்சியைத் தரும். காது முழுவதும் உள்ளே அடங்கும்படி சுற்றி உட்காருவதே நீண்ட நேரம் கேட்பதற்கு உத்தமம்.

அடுத்தபடி, மெத்தைக்கும் கன்னத்துக்கும் நடுவில் இடைவெளி இருக்கக் கூடாது. மூடிய ஹெட்போனின் ரகசியம் இதில் அடங்கியிருக்கிறது. ஒரு சிறிய சந்து இருந்தாலும் கீழ் ஸ்வரங்கள் அதன் வழியாக ஓடிவிடும். மிருதங்கத்தின் இடந்தலை 'தொம்' என்று ஒலிப்பதற்குப் பதிலாகத் தகர டப்பாவைத் தட்டியது போல் இருக்கும். என்னைப் போல் மூக்குக் கண்ணாடி அணிகிறவர்களுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. கண்ணாடியின் காம்பு மெத்தையைத் தூக்கிப் பிடித்துச் சந்து உண்டாக்குகிறது. ஆகையால் மெல்லிய காம்புள்ள கண்ணாடியும் மிருதுவான மெத்தையும் தேடுவது நலம். கடையில் கண்ணாடியோடு ஒரு தடவையும் கழற்றிவிட்டு ஒரு தடவையும் கேட்டால் வித்தியாசம் உடனே தெரியும்.

அழுத்தம் மற்றொரு சமாசாரம். தளர்ந்திருந்தால் சந்து விழும். இறுகியிருந்தால் தலைவலி வரும். கடையில் ஒரு நிமிஷம் மாட்டிப் பார்ப்பது போதாது. கால் மணி நேரமாவது மாட்டிக் கொண்டு உட்கார வேண்டும். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். தலை நம்முடையது அல்லவா? எடையும் 300 கிராமுக்கு மேற்படாமல் இருந்தால் கழுத்துக்கு நல்லது.

நம் ஊர் வெயிலையும் மறக்கலாகாது. தோல் போன்ற மெத்தை நன்றாக மூடும்; ஆனால் சித்திரை மாதத்தில் காது வெந்நீர் அடுப்பாகிவிடும். வியர்வையும் காற்றின் ஈரமும் சேர்ந்தால் நாளடைவில் அந்தப் பூச்சு உரிந்து உதிரும். வெல்வெட் மெத்தை குளிர்ச்சியானது. ஆனால் சற்றுக் குறைவாகவே மூடும். எதை வாங்கினாலும், பழைய மெத்தையைக் கழற்றிப் புதிது போட முடியுமா, அந்த மெத்தை தனியாக விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

இனி ஒலி. விளம்பரத்துக்கென்றே செய்த பாட்டைக் கடைக்காரர் போட்டுக் காட்டுவார். அதில் எல்லா ஹெட்போனும் தேவகானமாகவே ஒலிக்கும். நமக்கு மனப்பாடமாகத் தெரிந்த கச்சேரி ஒன்றை எடுத்துப் போக வேண்டும். நான் மூன்று விஷயங்களைக் கவனிப்பது வழக்கம். பாட்டின் அடியில் தம்பூரா தொடர்ந்து கேட்கிறதா, அல்லது மிருதங்கம் எழும்போதெல்லாம் அமிழ்ந்து போகிறதா? வித்துவானின் குரலில் 'ஸ'காரமும் 'ச'காரமும் ஊசி போல் குத்துகின்றனவா? மிருதங்கத்தின் வலந்தலையும் இடந்தலையும் தனித்தனியாகக் கேட்கின்றனவா, அல்லது எல்லாம் ஒரே 'கும் கும்' என்று குழம்புகின்றனவா? தற்காலத்தில் பலர் இந்தக் 'கும் கும்'மையே சிறப்பென்று கருதி அதிகப்படுத்திச் செய்கிறார்கள். மெத்தையில் படுத்துக் கொண்டு கேட்பதற்குப் பதிலாக மெத்தைக்குள் படுத்துக் கொண்டு கேட்பது போல் இருக்கும்.

இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே அளவு சத்தத்தில் வைத்துக் கேட்பது அவசியம். சற்று உரக்கக் கேட்பது எதுவோ அதுவே நல்லது என்று நம் காது தீர்ப்புச் சொல்லிவிடும். சட்டசபை முதல் சந்தைக்கடை வரையில் இந்தப் பலவீனம் நமக்கு உண்டு.

கம்பி விஷயம் ஒன்று பாக்கி. சுருள் கம்பி மேஜையருகில் உட்கார்ந்து கேட்கிறவருக்கு ஏற்றது. எழுந்து நடந்தால் ஆட்டுக்குட்டியின் கயிறு போல் இழுக்கும். நேர் கம்பி நீளமாக இருந்தால் நாற்காலியின் காலில் மாட்டிக் கொள்ளும். பெரும்பாலும் கம்பி அறுந்து போவது முனையிலுள்ள செருகி அருகில்தான். ஆகையால் கம்பியைப் பிடித்து இழுக்காமல் செருகியைப் பிடித்து இழுக்க வேண்டும். கையில் இறுக்கிச் சுற்றாமல் பெரிய வளையமாகத் தளர்த்திச் சுற்றி வைக்க வேண்டும். ஹெட்போனிலிருந்து கம்பியைக் கழற்றி மாற்றும் வசதி இருந்தால், சில நூறு ரூபாய்க் கம்பிக்காகப் பல ஆயிரம் ரூபாய் ஹெட்போனைத் தூக்கி எறிய வேண்டியிராது. 'வெள்ளிக் கம்பி போட்டால் குரல் இனிக்கும்' என்று சொல்லிப் பல்லாயிரம் ரூபாய் கேட்பவர்களும் இருக்கிறார்கள். வெள்ளியைக் கொலுசாகச் செய்து பேத்திக்குப் போட்டால் அதைவிட இனிமையாக ஒலிக்கும்.

'ஓம்' என்ற ஓர் எண் பெட்டியில் போட்டிருக்கும். மேற்சொன்ன டி.டி. 770 ஒன்றே 32, 80, 250 ஓம் என்று பல விதங்களில் வருகிறது. கைபேசியில் கேட்பவர் 32 அல்லது 80 ஓம் வாங்குவதே புத்தி. 250 ஓமுக்குத் தனிப் பெருக்கி இல்லாவிட்டால் பாடகர் பக்கத்து ஊரிலிருந்து பாடுவது போலிருக்கும். இக்காலத்துக் கைபேசிகள் பலவற்றில் செருகும் துளையே இல்லை. ஒரு சிறிய இணைப்பானும் கூடவே வாங்க வேண்டும்.

இவ்வளவு அக்கறை எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் என் பெரியப்பா. அவர் ஒரு பெரிய துணி ஆலையின் தறிக் கூடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். காதில் அடைத்துக் கொள்ளப் பஞ்சு கூட அங்கே யாரும் கொடுத்ததில்லை. நாதஸ்வரம் என்றால் உயிரை விடுவார். வேலையிலிருந்து விலகிய பிறகு கோயில் உற்சவத்தில் தவிலின் அடி அவருக்குக் கேட்டது; ஆனால் மடியில் உட்கார்ந்து பேசிய பேத்தியின் மழலை கேட்கவில்லை. "என்னம்மா சொல்றே?" என்று இரண்டு தடவை கேட்பார். மூன்றாம் தடவை கேட்க வெட்கப்பட்டுக் கொண்டு, புரிந்தது போல் சிரித்துவிடுவார். செவியின் உட்புறத்தில் ஒலியை உணரும் நுண்ணிய ரோம அணுக்கள் இருக்கின்றன. இரைச்சலினால் அவை ஒரு முறை மடிந்தால் மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை. பெரும்பாலும் முதலில் மங்குவது உயர்ந்த ஒலிகள்தாம்; பேச்சைத் தெளிவாக்கும் மெய்யெழுத்துக்கள் பல அவற்றில்தான் இருக்கின்றன.

சென்ற வருஷம் என் பேரன், பதினைந்து வயதுப் பிள்ளை, "தாத்தா, காதுக்குள்ளே 'ஙொய்' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது" என்றான். தினம் பஸ்ஸில் போகும்போது, வெளிச் சத்தத்தை ஜயிப்பதற்காக, காதில் சும்மா தொங்கும் சிறு கருவியில் பாட்டை உச்சத்துக்கு ஏற்றிக் கேட்டு வந்திருக்கிறான். வைத்தியர் சோதித்துவிட்டு, நல்ல வேளையாக நிரந்தரச் சேதம் இல்லை என்றார். உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லும் கணக்கையும் எடுத்துக் காட்டினார். பெரியவர்களுக்கு 80 டெசிபெல் சத்தம் வாரத்துக்கு 40 மணி நேரம் வரையில் பாதகமில்லை. அதற்கு மேல் 3 டெசிபெல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 90 டெசிபெலுக்கு 4 மணி. 100 டெசிபெலுக்கு வாரம் முழுவதற்கும் 20 நிமிஷந்தான்! குழந்தைகளுக்கு ஆரம்ப அளவே 75 டெசிபெல்.

மூடிய ஹெட்போனின் உண்மையான உபயோகம் இதுதான். வெளிச் சத்தம் குறைவதால் உள் சத்தத்தையும் குறைத்துக் கேட்க முடிகிறது. பேரனுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அந்த வாரத்துக்கு எவ்வளவு சத்தம் காதில் ஏறியது என்று கைபேசியே காட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்தக் கணக்கை என்னிடம் காட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். சாலையில் நடக்கும்போதும் தண்டவாளத்தைக் கடக்கும்போதும் ஹெட்போன் பைக்குள் இருக்க வேண்டும் என்பது இரண்டாவது நிபந்தனை.

மூன்றாவது நிபந்தனை என் மனைவி போட்டது. கடையில் அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "இதை மாட்டிக்கிட்டா நான் கூப்பிடறது இவருக்குக் கேட்குமா?" கடைக்காரர் பெருமையுடன், "கேட்கவே கேட்காது, அம்மா! அதுதான் இதன் விசேஷம்!" என்றார். வீட்டுக்கு வந்ததும் சட்டம் பிறந்தது: சாப்பாட்டு வேளையிலும் விளக்கு வைத்த பிறகு ஒரு மணி நேரமும் இந்த வீட்டில் யார் தலையிலும் ஹெட்போன் இருக்கக் கூடாது. பேரன் முணுமுணுத்தான். நான் முணுமுணுக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றினால் வீட்டுக் குரல்கள் எல்லாம் மறுபடி கேட்கின்றன. பெரியப்பாவுக்குக் கழற்றுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.