பிறவுணியின் முழங்கால்

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் மூன்று காலில் நொண்டித் திரியும் நாயைக் கண்டால், எவனோ கல்லெறிந்துவிட்டான் என்றுதான் சொல்லிக்கொள்வோம். அதற்கு மேல் எவரும் ஆராய்வதில்லை. கடந்த வருடம் ரொறன்ரோவில் மகளின் வீட்டில் தங்கியிருந்தபோதுதான் அந்த நொண்டலுக்குப் பின்னால் வேறொரு கதையும் இருக்கக்கூடும் என அறிந்தேன்.

அவர்களது ஏழு வயது லப்ரடோர் நாய் பிறவுணி, வலது பின்னங்காலை ஊன்ற மறுத்தது. மிருக வைத்தியர் அதனைச் சரித்துப் படுக்கவைத்து, தொடையெலும்பை ஒரு கையாலும் கீழ்க்கால் எலும்பை மறு கையாலும் பிடித்து அசைத்தார். மேசை லாச்சி இழுபடுவதைப்போலக் கீழெலும்பு முன்னே வந்தது. அந்தப் பரிசோதனையின் பெயரும் லாச்சிப் பரிசோதனைதான். முன் சிலுவைத் தசைநார் அறுந்துவிட்டது.

உதைபந்தாட்ட வீரர்களுக்கு ஏற்படும் அதே காயம். ஆனால் வீரருக்கு அது கணநேர விபத்து. நாய்களில் பெரும்பாலும் அந்த நார் மாதக்கணக்கில் நைந்து வந்து, ஒருநாள் சாதாரணமாகப் படியிறங்கும்போது அறுந்துவிடுகிறது. ஒரு காலில் அறுந்த நாய்களில் ஏறக்குறைய அரைவாசிக்கு மற்றக் காலிலும் பின்னர் அறுவது இதனாலேயே.

1952இல் பின்லாந்து மிருக வைத்தியர் சாகி பாட்சமா, தொடையின் தசையுறையில் ஒரு பட்டியை எடுத்து மூட்டுக்குள் செலுத்திப் புதிய நாராக்கினார். பின்னர் மூட்டுக்கு வெளியே தடித்த நைலோன் இழையால் கட்டும் முறைகளும் வந்தன. அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தைச் சேர்ந்த பார்க்ளே சுலோக்கம் வேறுவிதமாகச் சிந்தித்தார். நாயின் கீழ்க்கால் எலும்பின் மேற்தளம் பின்னோக்கி ஏறக்குறைய 25 பாகை சரிந்திருக்கிறது. கால் ஊன்றும் ஒவ்வொரு தடவையும் தொடையெலும்பு அச்சரிவில் வழுக்கப் பார்க்கும். தடுத்து நிற்பது அந்த நார். 1993இல் அவர் வெளியிட்ட முறையில், எலும்பின் தலைப்பகுதியை வளைவாக வெட்டி, சுழற்றி, சரிவை ஏறத்தாழ 5 பாகையாகக் குறைத்து, தகடும் திருகாணிகளும் கொண்டு பொருத்துகிறார்கள். அறுந்த கயிற்றை முடியாமல், வண்டி நிற்கும் சரிவையே மட்டமாக்கிய யோசனை இது. அவர் இதற்குக் காப்புரிமை பெற்றதையும், தம்மிடம் கற்றவர்கள் பிறருக்குக் கற்பிக்கலாகாது என ஒப்பந்தம் எழுதி வாங்கியதையும் மட்டும் என்னால் ரசிக்க முடியவில்லை.

பல ஆயிரம் டொலர் செலவு. மருமகன் தயங்கினார், பேத்தி அழுதாள், சத்திரசிகிச்சை நடந்தது.

உண்மையான சிகிச்சை அதன் பின்னர்தான் ஆரம்பமாகிறது. வெட்டிய எலும்பு பொருந்த எட்டு வாரமளவில் செல்லும். வீட்டில் வேலைக்குப் போகாதவன் நான் ஒருவனே என்பதால் காவல் என் பொறுப்பாயிற்று. ஆரம்பத்தில் வாரில் பிடித்து ஐந்து நிமிட நடை. பின்னர் வாரத்துக்கு வாரம் சிறிது அதிகம். படிக்கட்டை அடைத்தோம். நாளுக்கு மூன்று தடவை அதன் காலை மெதுவாக மடக்கி நீட்டினேன். பின்னர் தண்ணீருக்குள் ஓடும் நடைப்பட்டியிலும் நடக்கவிட்டார்கள். உடற்பாரத்தில் ஒரு பங்கைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது.

ஆபத்து மூன்றாம் வாரத்தில் வந்தது. வலி நீங்கிவிட்டது, எலும்பு பொருந்தவில்லை. அந்த வேறுபாட்டை ஒரு நாய்க்கு எப்படி விளக்குவது? அழைப்பு மணி ஒலிக்கும்போதெல்லாம் பாய எத்தனிக்கும் அதனைக் கட்டிப்பிடித்தபடி தரையில் அமர்ந்திருப்பேன்.

எட்டாம் வார எக்ஸ்ரேயில் எலும்பு நன்கு பொருந்தியிருந்தது. வைத்தியர் இடது காலையும் அசைத்துப் பார்த்து, இது உறுதியாக இருக்கிறது, எடை கூட விடாதீர்கள் என்றார். அன்று மாலையே பேத்தி மேசைக்கடியில் இரகசியமாக நீட்டும் வெண்ணெய் தடவிய பாண் நிறுத்தப்பட்டது.