கூரை மாறும் மலைப்பாதை

மேட்டுப்பாளையத்தைத் தாண்டி, கல்லாறு பாக்குத் தோப்புகளைக் கடந்ததும் மலைப்பாதை தொடங்குகிறது. பர்லியாறு, குன்னூர், கேத்தி வழியாக உதகையை அடைவதற்குள் வண்டி சுமார் 1,900 மீட்டர் உயரம் ஏறிவிடும். பாக்கு போய் தேயிலை வரும்; தேயிலை போய் கேரட்டும் உருளையும் வரும். பயிரைப் போலவே, கூரைமேல் இருக்கும் சூரிய வெந்நீர் சாதனமும் இடத்துக்கு ஏற்ப மாற வேண்டும்.

அடிவாரத்தில் தட்டைத் தகடு வகை நன்றாகவே வேலை செய்யும். கருப்புப் பூச்சு பூசிய செம்புத் தகடு, அதோடு ஒட்டிய செம்புக் குழாய்கள், மேலே ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். வெளிக்காற்றே சூடாக இருப்பதால் கண்ணாடி வழியாகப் போகும் வெப்பம் குறைவு. அங்கே தொல்லை தருவது போர்வெல்லின் உப்புத் தண்ணீர். மெல்லிய குழாய்க்குள் உப்பு படிந்து, நாளடைவில் நீரோட்டம் அடைபடும். உப்பு மிகுந்த ஊர்களில் அகலமான கண்ணாடிக் குழாய் வகை அவ்வளவு சீக்கிரம் அடைக்காது.

கேத்தியில் கதை வேறு. டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழும். தெளிந்த வானத்தைப் பார்த்தபடி கிடக்கும் தகடு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். நீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பருமன் கூடும். செம்புக் குழாய் வெடிக்கும். வெற்றிடக் கண்ணாடிக் குழாயில் இந்த ஆபத்து குறைவு. ஃப்ளாஸ்க் போலவே, இரண்டு கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே காற்றே இல்லாததால் வெப்பம் எளிதில் வெளியேறாது. தட்டைத் தகடுதான் வேண்டும் என்றால், உறையாத திரவம் தனியாகச் சுற்றும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

சாய்வும் முக்கியம். டிசம்பர் 21 நடுப்பகலில் இங்கே சூரியன் உச்சியிலிருந்து சுமார் 35 டிகிரி தெற்கே சாய்ந்திருக்கும். வெந்நீர் அதிகம் தேவைப்படும் காலமும் அதுதான். எனவே சாதனம் தெற்கு நோக்கி 20 முதல் 25 டிகிரி வரை சாய்ந்திருப்பது நல்லது. தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் நிழல் காலையிலோ மாலையிலோ மேலே விழுந்தாலும் அன்றைய சூடு குறையும்.

பம்பு இல்லாத தட்டைத் தகடு சாதனத்தில், சூடான நீர் தானாக மேலேறித் தொட்டிக்குப் போகிறது. தொட்டியின் அடிப்பாகம் தகட்டின் மேல் விளிம்பைவிட ஓர் அடியாவது உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்த்தி வைத்தால் இரவில் ஓட்டம் தலைகீழாகத் திரும்பி, பகலெல்லாம் சேர்த்த சூடு தகடு வழியே வெளியேறிவிடும்.

மாடு வளர்க்கும் வீட்டில் பால் கேன் கழுவ வெந்நீர் தேவைப்படுவது விடியற்காலை 5 மணிக்கு. அப்போது வெயில் ஏது? முந்தின நாள் சூட்டைத்தான் தொட்டி காத்துத் தர வேண்டும். தொட்டியைச் சுற்றிய வெப்பக்காப்பு மெல்லியதாக இருந்தால், பணம் கொடுத்துச் சாதனம் வாங்கிய பிறகும் வீட்டுப் பெண்கள் விறகடுப்பைத்தான் மூட்ட வேண்டியிருக்கும். வாங்கும் முன் லிட்டர் கணக்கோடு, தொட்டியின் காப்பு எத்தனை அங்குலம் என்பதையும் கேளுங்கள்.