சித்தப்பா மகன்களும் மல்யுத்தக் காதல் நாவல்களும்

போன மாதம் ஒரு கூட்டம் முடிந்து பேருந்துக்குக் காத்திருந்தபோது, உடன் நின்ற தோழர் ஒருவர் மணி பார்க்க எங்கள் போனை வாங்கினார். திரையில் பாதி படித்த நாவலின் அட்டை. சட்டை போடாத இரண்டு ஆண்கள், நெற்றியோடு நெற்றி ஒட்டி நிற்கிறார்கள். பின்னால் கயிறு கட்டிய மேடை. "என்ன தோழர், குஸ்தி கதையா?" என்றார். ஆமாம் என்றோம். இரண்டு பக்கம் தள்ளிப் பார்த்தவர் போனை அவசரமாகத் திருப்பிக் கொடுத்தார். கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்துவிட்டு, "நாட்டுல இருக்கிற பிரச்சினைக்கு நடுவுல இதையெல்லாம் படிக்க எப்படித் தோழர் நேரம் கிடைக்குது?" என்று கேட்டார். நக்கலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நாங்கள் சிரித்து மழுப்பிவிட்டோம். அன்றைக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறோம்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு 'நாங்கள்' என்றால் பழக்கம் இருக்கும். பஞ்சமி நிலம் பற்றி எழுதும்போதும், சுடுகாட்டுப் பாதை பற்றி எழுதும்போதும் அது ஊர்ப்பட்ட நாங்கள். இந்தமுறை அது வெறும் இரண்டு பேர். பத்து வருடமாக ஒரே வீட்டில் குடியிருக்கும் இரண்டு ஆண்கள். வீட்டுக்கார அம்மாவிடம் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் என்று சொல்லியிருக்கிறோம். இதற்குமேல் விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறோம்.

எங்கள் இருவருக்கும் ஊர் வேறு, மாவட்டம் வேறு. ஆனால் சின்ன வயசு ஒரே மாதிரி. காலனிக்கு கேபிள் வராத காலத்தில், ஊர்த்தெருவில் ஒரு வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று டபிள்யூ டபிள்யூ எஃப் பார்த்தவர்கள் நாங்கள். உள்ளே கூப்பிட மாட்டார்கள். ஜன்னலை மூடவும் மாட்டார்கள், அதுவரை நல்லது. மற்ற நேரமெல்லாம் ட்ரம்ப் கார்டு. ரேங்க், உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ். கணக்கில் தேறாதவனுக்கும் அண்டர்டேக்கரின் உயரம் மனப்பாடம். அந்தச் சீட்டுகளில் சில முகங்களை மட்டும் தோற்றுக்கொடுக்க மனசில்லாமல் கால்சட்டைப் பைக்குள் ஒளித்துவைத்தோம். ஏன் என்று அப்போது தெரியாது. இருபது வருடம் கழித்து ஒருவருக்கொருவர் இதைச் சொல்லிக்கொண்டபோது, இருவரும் ஒளித்துவைத்தது ஒரே ஆளின் சீட்டு என்று தெரிந்தது. யார் என்று சொல்ல மாட்டோம்.

அது நிஜச் சண்டையா, பொய்ச் சண்டையா என்று பள்ளிக்கூடத்தில் அடிதடியே நடக்கும். அமெரிக்காவில் அந்தக் கேள்விக்கு ஒரு தொழில்சொல்லே உண்டு: கேஃபேப். மேடையில் காட்டுவதை மேடைக்கு வெளியேயும் நிஜம் போலக் காப்பாற்ற வேண்டும் என்பது அந்தத் தொழிலின் கட்டுப்பாடு. நல்லவன் வேஷம் போடுபவனுக்கு ஃபேஸ் என்று பெயர், கெட்டவனுக்கு ஹீல். இருவரும் ஒரே ஓட்டலில் சாப்பிடக் கூடாது, ஒரே காரில் போகக் கூடாது. 1987இல் அயர்ன் ஷேக் என்ற ஈரானிய வில்லனும், ஹாக்சா ஜிம் டக்கன் என்ற தேசபக்த ஹீரோவும் நியூ ஜெர்சியில் ஒரே காரில் போய் போலீஸில் மாட்டினார்கள். காரில் போதைப்பொருள் இருந்தது. ஆனால் தொழிலில் பலருக்கு அதைவிடப் பெரிய அதிர்ச்சி, எதிரிகள் இருவரும் ஒன்றாகப் பயணம் செய்தது வெளியே தெரிந்துவிட்டதுதான். இருவருக்கும் வேலை போனது, பிறகு திரும்பக் கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து, 1989இல், அதே மாநிலத்தின் செனட்டில் அந்த நிறுவனமே எங்களுடையது போட்டி இல்லை, பொழுதுபோக்கு என்று ஒப்புக்கொண்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடுகளிலிருந்து தப்பிக்க! உண்மை சொல்வதில் லாபம் இருந்தால் முதலாளி உண்மையும் சொல்வார்.

இந்தத் தொழிலில் 'சகோதரர்கள்' என்று வந்தவர்களில் பலர் சகோதரர்களே இல்லை. ஜீன் ஆண்டர்சனும் ஓல் ஆண்டர்சனும் அண்ணன் தம்பி இல்லை. நாம் எல்லோரும் நம்பிய அண்டர்டேக்கரும் கேனும் இல்லை. ஒருவர் டெக்சாஸ்காரர். இன்னொருவர் பிறகு டென்னசியில் ஒரு கவுண்டியின் மேயரானவர். இதைப் படித்த அன்று எங்கள் வீட்டுச் சமையலறையில் ரொம்ப நேரம் சிரித்தோம். வாடகைக்கு வீடு பிடிக்க நாங்கள் கண்டுபிடித்த தந்திரம் என்று நினைத்திருந்தோம். உலகத்துக்கே தெரிந்த பழைய ஐட்டம் அது.

இப்போது நாவல்களுக்கு வருவோம். ஆணும் ஆணும் காதலிக்கும் கதைகள் ஆங்கிலத்தில் பெரிய சந்தை. பெரும்பாலும் மின்னூல்கள், விலை குறைவு. எழுதுகிறவர்களிலும் படிக்கிறவர்களிலும் பெண்கள் ஏராளம். ஐஸ் ஹாக்கியை வைத்து ரேச்சல் ரீட் 2019இல் எழுதிய 'ஹீட்டட் ரைவல்ரி' 2025இல் கனடாவில் தொடராக வந்து பெரும் பேச்சானது. மல்யுத்தத்தை வைத்து வருபவை அதில் ஒரு சின்னத் தெரு. கதை பெரும்பாலும் தெரிந்ததுதான். மேடையில் ஜென்ம விரோதிகள். நிறுவனம் பகையை வளர்க்கச் சொல்கிறது. ஊர் ஊராகப் போகிறார்கள், மோட்டலில் ஒரே அறை, ஒரே கட்டில். மீதியை நீங்களே ஊகிக்கலாம். பாதிப் புத்தகங்கள் குப்பை என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஒன்றில் கதாநாயகனின் கண் நிறம் நடுவில் மாறிவிடுகிறது.

ஆனால் நல்லவை சில இருக்கின்றன. அவற்றை எழுதுகிறவர்களுக்கு அந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்திருக்கிறது. தலைக்குமேல் ஒருவனைத் தூக்குவது தூக்குகிறவன் பலத்தால் மட்டும் நடப்பதில்லை, தூக்கப்படுகிறவன் சரியான நொடியில் எம்பித் தர வேண்டும். கழுத்தைப் பிடித்து இறுக்குவது போலக் குனியும்போதுதான் அடுத்த அடி என்ன என்று காதில் சொல்லிக்கொள்கிறார்கள். பழைய மல்யுத்த வீரர்கள் கைகுலுக்கும்போது இறுக்கவே மாட்டார்களாம், பூவைத் தொடுவது போலத் தொடுவார்கள். என்னோடு வேலை செய்தால் உனக்கு அடிபடாது என்று அதற்கு அர்த்தம். ஒரு கணம் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு 1997 சம்மர்ஸ்லாமில் ஓவன் ஹார்ட் தலைகீழாக இறக்கிய ஸ்டீவ் ஆஸ்டினின் கழுத்தே சாட்சி. இரண்டு ஆண்கள் பல ஆயிரம் பேர் முன்னால் ஒருவரை ஒருவர் கொல்வது போல நடித்துக்கொண்டே, உனக்கு வலிக்கிறதா என்று காதுக்குள் கேட்டுக்கொள்கிறார்கள். காதல் கதை எழுதுகிறவர் இதைவிட வேறென்ன இடம் தேடுவார்?

நிஜத்தில் என்ன நடந்தது என்பதும் எங்களுக்குத் தெரியும். பாட் பேட்டர்சன் என்று ஒருவர். மான்ட்ரியலில் பிறந்தவர். 1979இல் முதல் இன்டர்கான்டினென்டல் சாம்பியன். நாம் வாய்பிளந்து பார்த்த, முப்பது பேர் ஒருவர் பின் ஒருவராக இறங்கும் ராயல் ரம்பிள் அவர் யோசனை. லூயி என்ற துணையோடு முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். உடன் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், டிக்கெட் வாங்கியவர்களுக்குத் தெரியாது. 1998இல் லூயி இறந்துபோனார். பேட்டர்சன் 2014இல், 73 வயதில், ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில்தான் முதன்முதலாக வெளிப்படையாகச் சொன்னார். அதைச் சொன்னபோது லூயி போய்ப் பதினாறு வருடம். இந்த ஒரு கணக்கு எங்களைப் பல இரவு தூங்கவிடவில்லை.

கிறிஸ் கன்யன் கதை இன்னும் மோசம். வேலையில் இருந்தவரை மறைத்தார். 2004இல் வேலை போனது. பிறகு வெளியே சொன்னார். 2010 ஏப்ரலில், நாற்பது வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

2002 செப்டம்பரில் தொலைக்காட்சியில் பில்லி, சக் என்ற இரண்டு வீரர்களுக்குத் திருமணம் போல ஒரு சடங்கு நடத்தினார்கள். அமெரிக்காவில் தன்பாலீர்ப்பாளர் உரிமைக்கான அமைப்பு ஒன்று இதை நம்பி ஆதரவும் கொடுத்தது. சடங்கு பாதி நடக்கையில் இருவரும் நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை, எல்லாம் விளம்பரத்துக்காக என்று கத்தினார்கள். சடங்கு நடத்தி வைத்த கிழவர் முகமூடியைக் கழற்றினார், உள்ளே இருந்தது கதையின் வில்லன் மேனேஜர். கூட்டம் ஆர்ப்பரித்தது. அன்று பாதியில் நின்ற கல்யாணத்தைத்தான் இந்த நாவல்கள் திரும்பத் திரும்ப முடித்துவைக்கின்றன என்று எங்களுக்குப் படுகிறது. ஏறக்குறைய எல்லாவற்றிலும் கடைசியில் மேடை நடுவே ஒரு முத்தம் இருக்கிறது, கூட்டம் கைதட்டுகிறது. நம்புகிற மாதிரி இல்லைதான்.

நம்ப முடியாத நல்ல முடிவு வேண்டும் என்று அடம்பிடித்தவர்கள் முன்பும் இருந்தார்கள். இ. எம். ஃபார்ஸ்டர் 1913இல் 'மோரிஸ்' எழுதத் தொடங்கியபோதே, இரண்டு ஆண்களும் கடைசியில் சேர்ந்திருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அது அவர் இறந்தபிறகு, 1971இல்தான் அச்சானது. 1974இல் பாட்ரிசியா நெல் வாரன் எழுதிய 'தி ஃப்ரன்ட் ரன்னர்' ஓட்டப்பந்தய வீரனும் பயிற்சியாளரும் காதலிக்கும் கதை. நன்றாக விற்றது. அதில் ஓட்டக்காரன் சுட்டுக் கொல்லப்படுகிறான். செத்துப்போகிற கதை எங்களிடம் நிறைய இருக்கிறது தோழர். தண்டவாளத்தில் கிடந்தவர்களைப் பற்றி இதே பக்கத்தில் எத்தனை முறை எழுதியிருக்கிறோம். பகல் முழுக்க உண்மை அறியும் குழு அறிக்கை எழுதிவிட்டு, இரவு பதினொரு மணிக்கு யாரும் சாகாத ஒரு கதை படித்தால் தூக்கம் வருகிறது. நேரம் எப்படிக் கிடைக்கிறது என்றீர்களே, அந்த நேரம்தான்.

சண்டைக்கும் நாங்கள் தயார். இந்த நாவல்களின் கதாநாயகர்கள் அநேகமாக வெள்ளையர்கள். கறுப்பின வீரன் வந்தால் நண்பனாக வருவான், அறிவுரை சொல்வான், இருவரையும் சேர்த்துவைத்துவிட்டு நகர்ந்துவிடுவான். ஆனால் டபிள்யூ டபிள்யூ இயில் வேலையில் இருக்கும்போதே நான் இப்படித்தான் என்று சொன்ன முதல் ஆள், 2013 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் ஒரு கேமராக்காரர் கேட்டதற்குப் பதிலாகச் சொன்ன டேரன் யங், கறுப்பினத்தவர். அவர் மாதிரி ஒருவனை நடுவில் வைத்த கதை எங்கள் கண்ணில் படவில்லை.

அதோடு இன்னொன்று. யாருக்கு எந்த வேஷம் என்று எழுதிக்கொடுப்பது யார்? மிசிசிப்பியில் பிறந்த ஜேம்ஸ் ஹாரிஸ் லாரி ஓட்டியவர். மேடையில் அவர் கமாலா, உகாண்டாவிலிருந்து வந்த காட்டுமிராண்டி. முகத்தில் சாயம், கையில் ஈட்டி, வாய் திறந்து பேசக் கூடாது. இங்கிலீஷ் பேசும் அமெரிக்கக் குடிமகனுக்கு ஊர் ஊராக ஊமை வேஷம். கடைசிக் காலத்தில் நீரிழிவு அவருடைய இரண்டு கால்களையும் கொண்டுபோனது. 2020இல் இறந்தார். நாவல்களில் வரும் வீரன் காதலைச் சொன்னதும் முகமூடி கழன்றுவிடுகிறது, பிரச்சினை தீர்ந்தது. கமாலாவுக்கு எந்த வாக்கியத்தைச் சொன்னால் சாயம் போயிருக்கும்? ட்ரம்ப் கார்டில் அவர் படத்தைப் பார்த்து நாங்களும் சிரித்திருக்கிறோம். ஜன்னலுக்கு வெளியே நின்ற எங்களுக்கும் அப்போது சிரிக்க ஒருவர் தேவைப்பட்டார் போல.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறோம் என்றால், எங்களுக்கும் ஒன்றல்ல, இரண்டு வேஷம். வீடு பார்க்கப் போன அன்று வீட்டுக்கார அம்மா கேட்ட முதல் கேள்வி, "ரெண்டு பேரும் என்ன உறவு தம்பி?" இரண்டாவது, "சைவமா, அசைவமா?" இரண்டாவது கேள்வி எதைக் கேட்கிறது என்று உங்களுக்குத் தெரியும். முதலாவதற்குப் பொய் சொன்னோம், இரண்டாவதற்கு மழுப்பினோம். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் குக்கர் வைக்கிறோம். எது தெரிந்தால் முதலில் வெளியே அனுப்புவார் என்று எங்களுக்குள் பந்தயமே உண்டு. மாட்டுக்கறிதான் என்று ஒருவர், கட்டில்தான் என்று இன்னொருவர்.

அந்த அம்மா கெட்டவர் இல்லை. எங்களில் ஒருவர் டெங்குவில் படுத்தபோது ஒரு வாரம் கஞ்சி கொண்டுவந்தவர். 2018 செப்டம்பர் 6 அன்று 377ஆம் பிரிவுத் தீர்ப்பு வந்தபோது, கீழ்வீட்டு டிவியில் அவர் செய்தி பார்ப்பது எங்களுக்கு மாடியில் கேட்டது. சத்தத்தைக் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மோட்டார் போடவா என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் ஒரே கட்டில்தான் இருக்கிறது. பத்து வருடத்தில் மூன்றுமுறை அவர் உள்ளே வந்திருக்கிறார், குழாய் ஒழுகுவதைப் பார்க்க. ஒருமுறை கட்டிலைப் பார்த்துவிட்டு, "மெத்தை பழசாயிடுச்சே தம்பி, மாத்துங்க" என்றார். பேட்டர்சனோடு வேலை செய்தவர்களைப் போல அவருக்கும் தெரியுமோ என்று நாங்கள் இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறோம். கேட்க தைரியம் வரவில்லை. இதை இங்கே எழுதுவதற்கே ஒரு மாதம் ஆகியிருக்கிறது. உங்களில் சிலர் இனிமேல் எங்களோடு ஒரே தட்டில் சாப்பிடத் தயங்கலாம். அது எங்களுக்குப் புதிதில்லை, யாரிடமிருந்து வருகிறது என்பது மட்டும் புதிதாக இருக்கும்.

பதினொரு மாத ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. ஐந்நூறு ரூபாய் ஏற்றுவார் என்று நினைக்கிறோம். மெத்தை இன்னும் மாற்றவில்லை. அந்த நாவலில் இன்னும் நாற்பது பக்கம் மிச்சம் இருக்கிறது, கண் நிறம் மாறாத நாவல்தான். தோழருக்கு வேண்டுமென்றால் அனுப்பிவைக்கிறோம்.